மாமன் மடி

பூமாரிக்குக் காது குத்திய அன்று அவள் போட்ட கூச்சல் குமுளி மலை வரைக்கும் கேட்டிருக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கேட்காத ஒரே ஆள், அவளை மடியில் வைத்திருந்த தாய்மாமன் ஒச்சாண்டிதான். ஆசாரி ஊசியை ஏற்றுகிறார், பிள்ளை வீறிடுகிறது, மாமனோ எதிரே நின்றவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு, மார்பில் சந்தனத்தோடு ராசா மாதிரி உட்கார்ந்திருக்கிறான். முடிந்துவிட்டதென்று யாரோ கை காட்டிய பிறகுதான் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். பந்தலே சிரித்தது. பிள்ளையைப் பெற்ற மாயக்காளும் சேர்ந்து சிரித்தாள். 1961-ல் கூடலூரில் நடந்தது இது.

ஒச்சாண்டிக்கு ஏன் காது கேட்கவில்லை என்று கேட்டால் அந்த வீட்டில் பதில் தயாராக இருந்தது. மலைக்கு மேலே தேயிலை ஃபேக்டரியில் மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவன். அந்த இரைச்சலில் யானைக்குக்கூடக் காது அடைத்துப்போகும் என்றார்கள். அடுத்த வருஷமே முகமும் காலும் ஊதி, மூச்சு முட்டி, இருபத்தாறு வயதில் அவன் செத்துப்போனான். அதற்கும் பதில் இருந்தது. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை வெட்டாமலேயே அவன் அப்பா கண்ணை மூடிவிட்டாராம், அந்தக் கோபமாம். கிடா வெட்டினார்கள். கிணற்றுத் தண்ணீரில் கோளாறு என்று ஒருவர் சொல்ல, குடிக்கும் கிணற்றையும் மாற்றினார்கள். அத்தோடு பீடை விட்டது என்று நம்பினார்கள்.

மாயக்காள் வாக்கப்பட்டது சின்னமனூரில். கணவர் சுருளியாண்டிக்கு அங்கே ஒரு வெற்றிலைக் கொடிக்கால். "நான் மனுசனுக்கா வாக்கப்பட்டேன், கொடிக்காலுக்குல்ல வாக்கப்பட்டேன்" என்பாள். பொய்யில்லை. சுருளியாண்டி சாதுவான மனிதர்; தண்ணீர் பாய்ச்சச் சொன்னால் பாய்ச்சுவார், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். யோசனை முழுக்க இவளுடையது. வாடல் நோய் விழுந்து பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் வெற்றிலையைக் கைகழுவிவிட்டு வாழை போட்ட வருஷம், இவள் மட்டும் கொடியைப் பிடுங்கி எரித்தாள், நிலத்தைக் காயப்போட்டாள், நோய் அண்டாத தோட்டம் தேடி அலைந்து விதைக்கொடி வாங்கி வந்து மறுபடி நட்டாள். ஊர் சிரித்தது. இரண்டு வருஷத்தில் சிரித்தவர்களே அவளிடம் விதைக்கொடி கேட்டு வந்தார்கள். கொடுத்தாள், ஆனால் ஒவ்வொருவரையும் நன்றாகக் கேலி பேசிவிட்டுத்தான் கொடுத்தாள்.

இவ்வளவு அழுத்தக்காரிக்கு ஒரே ஒரு இடத்தில் மனசு இளகும். தம்பி தவசி. அவள் தாவணி போட்ட வயதில் பிறந்தவன். அவள் இடுப்பில் வளர்ந்தவன். அவளுக்குப் பூமாரி பிறந்தபோது தவசிக்கு ஆறு வயது. பிள்ளையைத் தொட்டிலில் போட்டதுமே அவன் தாய் மொக்கம்மாள், "ஏலே, ஒம் பொண்டாட்டி வந்துட்டா பாரு" என்று அவனைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அக்காள் மகள் தாய்மாமனுக்குத்தான் என்பதில் யாருக்கும் இரண்டாவது பேச்சில்லை. பூமாரி வளர வளர அந்த முறையும் கூடவே வளர்ந்தது. கூடலூரில் ஜீப் ஓட்ட ஆரம்பித்த தவசி, ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களைக் குமுளிக்கு ஏற்றிப் போய் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவளுக்கென்று ஏதாவது வாங்கி வருவான். ஒருமுறை மலையாளத்துக் குடை. மழையே இல்லாத சித்திரையில் அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தவள் பூமாரி. அவளுக்கும் மாமன் மேல் கொள்ளைப் பிரியம்.

1977 ஐப்பசியில் பரிசம் போட்டாயிற்று. தையில் கல்யாணம்.

கார்த்திகையில் ஒருநாள் கூடலூருக்குப் போயிருந்த மாயக்காள் விடிகாலையில் தம்பியை எழுப்பப் போனாள். பின்னால் நின்று கூப்பிட்டாள். அசையவில்லை. முன்னால் வந்து தோளைத் தொட்டதும் திரும்பினான். இமை இரண்டும் பணியாரம் போல் உப்பியிருந்தன. அதே முகத்தை அவள் ஒச்சாண்டியிடம் பார்த்திருக்கிறாள்.

"ஆத்தா, இவனுக்குக் காது எப்ப இருந்து இப்பிடி?" என்று அடுப்படியில் போய்க் கேட்டாள்.

"ஜீப்பு சத்தத்துல கெடக்கான்ல. எஞ்சினுக்கு மேலயே ஒக்காந்துக்கிட்டு ஓட்டுனா காது மந்தமாத்தான் இருக்கும். மூஞ்சி உப்புனது தூக்கம் இல்லாம. நீ காலங்காத்தால அபசகுனமாப் பேசாத."

முகூர்த்தப் புடவை எடுக்க மதுரைக்குப் போகவேண்டும், மாப்பிள்ளையும் கூட வந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்லி மாயக்காள் தம்பியைப் பஸ் ஏற்றினாள். புடவை எடுத்தது உண்மைதான். ஆனால் புடவைக்கு முன்னால் போனது ஆஸ்பத்திரிக்கு.

டாக்டர் ஞானசிகாமணி என்று கிட்னி பார்க்கிறவர். நிதானமான மனிதர். தவசியின் சிறுநீரைச் சோதிக்க அனுப்பிவிட்டு, அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு மாயக்காளிடம் விசாரித்தார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? அவள் ஒச்சாண்டியைச் சொன்னாள். பிறகு அப்பா, பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று பங்காளிகளை ஒருவர் விடாமல் சொன்னாள். போய்ச் சேர்ந்தவர்களும் சரி, இருப்பவர்களும் சரி, ஒருவருக்கும் இந்த நோய் இல்லை; எல்லோருமே கல்லுக்குண்டு மாதிரிதான்.

"உங்க அம்மாவோட கூடப்பிறந்த ஆம்பளைங்க?"

"அது வேற வீடுங்கய்யா. வருசநாட்டுப் பக்கம். வேற சாமி கும்புடுறவுக."

"பரவாயில்லை, சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். மொக்கம்மாளுக்கு ஒரு தம்பி இருந்தான். காது கேட்காது. காடும் மலையுமான ஊர், மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையாய்த் தின்று காது போய்விட்டது என்பார்கள். அவனும் கல்யாணம் ஆகுமுன்னே உடம்பு ஊதிப் போய்ச் சேர்ந்தவன். அவனுக்குக் கொயினா, ஒச்சாண்டிக்கு மிஷின், தவசிக்கு ஜீப். மூன்று பேருக்கும் மூன்று காரணத்தை அழகாகச் சொல்லி வைத்திருந்தார்கள். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எப்படித் தோன்றும்? அவர்களுக்கு வீடு என்றால் ஆண்வழிதான். பெண் தாலி கட்டிக்கொண்டு போனால் அவள் கும்பிடும் சாமியே மாறிவிடுகிறது. சாமியே கூட வராதபோது பிறந்த வீட்டு நோய் மட்டும் எப்படிக் கூட வரும்? அதனால் நோயைத் தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அப்பா வழிக் கோயிலெல்லாம் போய்க் கிடா வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் அவளையும் சோதித்தார். பூமாரியையும் அழைத்து வரச் சொன்னார். அடுத்த வாரம் மகளோடு போனாள். முடிவு வந்ததும், பூமாரியை வெளியே அனுப்பிவிட்டு, அவர் சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"இது பிறக்கும்போதே ரத்தத்துல வர்ற வியாதிம்மா. உங்க குடும்பத்துல அம்மா வழியா வருது. ஆம்பளைக்கு வந்தா காதையும் கிட்னியையும் சேர்த்துக் கெடுத்துடும். பொம்பளைக்கு வந்தா பெரும்பாலும் ஆளை ஒண்ணும் செய்யறதில்லை, ஆனா அவ பெத்த பிள்ளைங்கள்ல சில பேருக்குப் போயிடும். உங்க ரெண்டு பேரு நீர்லயும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கு. உங்ககிட்டயும் இருக்கு, உங்க மகள்கிட்டயும் இருக்கு."

மாயக்காள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நாற்பது வயதை நெருங்கும் உடம்பு. ஒருநாள் தலைவலி என்று படுத்ததில்லை.

"இவளத்தான் என் தம்பிக்குப் பேசிருக்கு" என்றாள்.

"தயவுசெஞ்சு செய்யாதீங்க. வெளிய கட்டிக் குடுத்தா இவளுக்குப் பிறக்கிற பையன்கள்ல பாதிக்குப் பாதி தப்பிக்கலாம். தம்பிக்கே குடுத்தா பொண்ணு ஒண்ணுகூட இது இல்லாமப் பிறக்காது. அப்பன் வழி, ஆத்தா வழி ரெண்டும் ஒரு பொண்ணுகிட்ட வந்து சேர்ந்துட்டா அவளும் ஆம்பளை மாதிரியே விழுந்துடுவா. தம்பிக்கும் காலம் ரொம்ப இல்லை. உப்பைக் குறைக்கச் சொல்லுங்க. மாத்திரை தர்றேன். கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம்."

"எங்கிட்ட ரெண்டு கிட்னி இருக்குல்லய்யா. ஒண்ண எடுத்து அவனுக்கு வைங்க."

"வைக்கிறாங்கம்மா, வேலூர் மாதிரி இடங்கள்ல. ஆனா உங்க கிட்னியே பழுதுள்ளது. அதை எடுக்க எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டாங்க."

தவசியை அழைத்துப்போன அன்றே அவன் பஸ்ஸில், "என்னக்கா சொன்னாரு டாக்டரு?" என்று கேட்டிருந்தான். "உப்பக் குறைக்கணுமாம், வேற ஒண்ணுமில்ல" என்று அன்றைக்குத் தெரியாமல் சொன்னாள். இப்போது தெரிந்த பிறகும் அதையே சொன்னாள். அவன் முகத்துக்கு நேராக வேறு சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கல்யாணத்தை மட்டும் நிறுத்தியே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டாள். சுருளியாண்டியிடம் சொன்னபோது அவர், "ஒங்காத்தா வீட்டுல உன்னைய வெட்டிப் போட்ருவாகளே" என்றார். "வெட்டட்டும். எம் பேத்தி செவிடாப் பெறந்து ஊதிச் சாகுறதுக்கு நான் வெட்டுப்பட்டுப் போறேன்" என்றாள்.

கூடலூரில் மொக்கம்மாளும் சித்தப்பாவும் பங்காளிகளும் கூடியிருந்தார்கள். தவசி சுவரோரம் உட்கார்ந்து ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மாயக்காள் சுருக்கமாகச் சொன்னாள். பொண்ணு தர முடியாது. இந்த நோய் அப்பா வழியில் வந்ததில்லை, ஆத்தா வழியில் வருவது. வருசநாட்டு மாமனுக்கும் இதுதான். என்னிடமும் இருக்கிறது, பூமாரியிடமும் இருக்கிறது.

மொக்கம்மாள் எழுந்தாள்.

"அப்ப எந் தம்பியையும் எம் மூத்த மகனையும் நாந்தான் கொன்னேன்னு சொல்ற. இவனையும் நாந்தான் கொல்லப்போறேன்."

"அப்பிடிச் சொல்லல ஆத்தா."

"வேற எப்பிடி?"

மாயக்காளுக்கு விளக்கத் தெரியவில்லை. தெரிந்ததை வைத்து விளக்கப் போனாள். "வாடல் விழுந்த கொடிக்கால்ல யாராச்சும் விதைக்கொடி எடுப்பாகளா ஆத்தா? எடுத்து நட்டா நட்ட எடமும்தான வாடும்." சொல்லி வாயை மூடும் முன்பே, என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. சுவரோரம் இருந்த தம்பியைத்தான் பிடுங்கி எரிக்க வேண்டிய கொடி என்று சொல்லியிருக்கிறாள். மொக்கம்மாளுக்கும் அது அப்படித்தான் பட்டது.

"வெளிய போ. எம் வகுத்துல பொறந்த பிள்ளையா நீ? இனி இந்த வாசல்ல ஒன் காலு படக்கூடாது. முறைக்காரன் உயிரோட இருக்கையில எவன் வந்து ஒம் மக கழுத்துல தாலி கட்டுறான்னு நானும் பாக்குறேன்."

"என்னக்கா? என்ன பேசுறீக?" என்று தவசி கேட்டான். யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. மாயக்காளும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். பஸ் ஏறும் வரைக்கும் அழவில்லை. ஏறிய பிறகு உத்தமபாளையம் தாண்டும் வரைக்கும் அழுதாள்.

வீட்டில் பூமாரி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள், "மாமா செத்துப்போயிருமா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றாள் மாயக்காள். மகளிடம் சொல்ல முடிந்தது. குடையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டுப் பூமாரி கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போய்விட்டாள்.

பிறகு மாப்பிள்ளை தேடும் படலம். மாயக்காளின் வழி தனி வழி. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் தின்று கை கழுவுவதற்குள் நோயைச் சொல்லிவிடுவாள். பிறக்கிற பையனுக்கு வந்தாலும் வரும், வராமல் போனாலும் போகும், டாக்டரிடம் காட்டி வளர்க்க வேண்டியிருக்கும் என்பாள். "ஏ பிள்ள, கல்யாணத்துக்கு அப்பறமா மெல்லச் சொல்லிக்கிரலாம்ல" என்று சுருளியாண்டி கெஞ்சினார். "நம்மள நாம ஏமாத்தி இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. அடுத்தவகளயும் ஏமாத்தணுமாக்கும்" என்றாள். வந்த இரண்டு குடும்பம் பாதிப் பலகாரத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனது.

மூன்றாவதாக வந்தது பொட்டிப்புரத்து அக்கம்மாள். மழையை நம்பி வெள்ளாமை பார்க்கும் மானாவாரிச் சம்சாரி வீடு. ஒரே மகன் செல்வமணி. எந்த வழியிலும் உறவில்லை. அக்கம்மாள் அதிரசத்தைப் பிட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"எங்க மாமனாரு வழியில மூணு பேருக்குச் சித்தப்பிரமை" என்றாள் சாவகாசமாக. "இதுவரைக்கும் நாங்க யாருகிட்டயும் மூச்சு விட்டதில்ல. நீங்க சொல்லிட்டீக, அதனால நானும் சொல்லிட்டேன். ஒளிக்காத வீடுதான் எனக்கு வேணும். ஆனா ஒண்ணு மதினி, முறைமாப்பிள்ளை வந்து பந்தல்ல கலாட்டா பண்ணாம நீங்க பாத்துக்கிரணும். அவுக வாயால சரின்னு சொல்லாம நாங்க தாலியத் தொடமாட்டோம்."

அதுதான் ஊர் வழக்கம். முறைக்காரன் விட்டுக்கொடுத்தால்தான் பெண் வெளியே போக முடியும். போதாததற்கு, மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துப் பந்தலுக்கு அழைத்து வராமல் எந்தப் பெண்ணும் மணையில் உட்கார்ந்ததில்லை. பூமாரிக்கு மாமனும் தவசிதான், முறைக்காரனும் தவசிதான். அவன் ஜீப்பில் ஆளோடு வந்து பெண்ணைத் தூக்கப்போகிறான் என்று கம்பம் வரைக்கும் பேச்சு.

மாயக்காள் கூடலூர் வாசலை மிதிக்க முடியாது. ஜீப் ஸ்டாண்டை மிதிக்கலாமே. பங்குனி வெயிலில் போய் இறங்கினாள். தவசியின் ஜீப் புளியமரத்து நிழலில் நின்றது. ஏறி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் திரும்பவில்லை. அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எம் வாயப் பாருடா. மெதுவாத்தான் சொல்லுவேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு மட்டும்தான் என்று சொன்னது பொய் என்றாள். வருசநாட்டு மாமன், ஒச்சாண்டி, நீ என்றாள். எனக்கும் உண்டு, பூமாரிக்கும் உண்டு என்றாள். கிட்னி கொடுக்கக் கேட்டதையும் அவர் மாட்டேன் என்றதையும் சொன்னாள். விதைக்கொடி என்று சொன்னதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் உதடு கோணியது, அவனுக்குப் புரியவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கொடுமையாக இருந்தது.

"மலை வளைவுல எதிர்ல வர்றவன் ஹாரன் அடிச்சா ஒனக்குக் கேக்குதாடா?" என்று கடைசியாகக் கேட்டாள்.

தவசி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேசினான். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவன் இப்போதெல்லாம் கத்தித்தான் பேசுவான். ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணன் செத்தப்ப எனக்கு எட்டு வயசு. அந்த மூஞ்சி எனக்கு மறக்குமாக்கா? கண்ணாடில பாத்தா தெரியாதா? பரிசத்தன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான். நீயாவது சொல்லுவன்னு பாத்தேன். அம்புட்டுப் பேரும் என்னையப் பத்தித்தான் பேசுனீக. எங்கிட்ட ஒருத்தரும் பேசல."

"வைகாசில கல்யாணம். சின்னமனூர்ல. வருவியா?" என்றாள். அவன் சாவியைத் திருகி எஞ்சினைக் கிளப்பினான். தோட்டத்து ஆட்கள் வந்து ஏறினார்கள். அவள் இறங்கிக்கொண்டாள். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு லோயர் கேம்ப் பக்கம் போனது.

வருவான் என்றும் நிச்சயமில்லை, வந்து என்ன செய்வான் என்றும் நிச்சயமில்லை. மாயக்காள் பந்தல் போட்டாள். பத்திரிகை அடித்தாள். தாய்மாமன் என்ற இடத்தில் தவசி பெயரைப் போட்டாள். "வரலைன்னா மானம் போகுமே" என்றார் சுருளியாண்டி. "போனா எம் மானம்தான, போகட்டும். எந் தம்பி பேரு இல்லாம எம் மக கல்யாணம் நடக்காது" என்றாள்.

முகூர்த்த நேரம் நெருங்கியும் கூடலூரிலிருந்து ஒருவரும் வரவில்லை. அக்கம்மாள் வாசலையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். பூமாரி உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தாள். மாயக்காள் வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னவர்களிடம் எரிந்து விழுந்தாள்.

ஜீப் வந்தது. பின்னால் சித்தப்பாவும் பங்காளிகளும். முன் சீட்டில் தவசி. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது வேறொருவன். தன் ஜீப்பை அடுத்தவன் தொட விடாதவன் தவசி. மலைப்பாதைக்கு அவன் இனிமேல் போகப்போவதில்லை என்று மாயக்காளுக்குப் புரிந்துவிட்டது.

சித்தப்பா இறங்கியதும் துண்டை உதறி, "முறைக்காரன் நிக்கிறான். அவனக் கேக்காம எப்பிடி?" என்று ஆரம்பித்தார். தவசி அவர் வாயைப் பார்க்கவே இல்லை. சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனான். பூமாரியின் கழுத்தில் மாலையைப் போட்டான். கையைப் பிடித்துப் பந்தலுக்கு அழைத்து வந்து செல்வமணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். சித்தப்பா உதறிய துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

பிறகு பூமாரியின் காதருகே குனிந்து ரகசியம் சொன்னான். ரகசியம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"ஆத்தா, பையன் பொறந்தா மதுரைக்குக் கொண்டுபோய் டெஸ்டு எடுத்துரு. சும்மா விட்றாத. எந்தப் பிள்ளையா இருந்தாலும் எம் மடியிலதான் காது குத்தணும். நான் உப்புத் திங்காம அதுவரைக்கும் இருந்துக்கிறேன்."

மேளக்காரர் வாசிக்க மறந்துவிட்டார். அக்கம்மாள்தான், "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக, கொட்டுங்க" என்றாள்.

அவன் சொன்னபடி இருந்தான். கஞ்சியில் உப்பில்லை, ஊறுகாய் இல்லை, கருவாடு இல்லை. மொக்கம்மாள் தனியாக அவனுக்குச் சமைத்தாள். மகனுக்கு உப்பில்லை என்றால் தனக்கும் வேண்டாம் என்று தானும் விட்டுவிட்டாள். மாயக்காள் மாதாமாதம் கூடலூர் முக்கில் வந்து நின்று அவனை மதுரைக்கு அழைத்துப்போனாள், வாசலை மிதிக்கவில்லை. ஒருமுறை வயிற்றில் குழாய் வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டி வந்தது. பிழைக்கமாட்டான் என்றார்கள். "அவனுக்கு வேலை ஒண்ணு பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு மாயக்காள் கட்டிலடியிலேயே பாயை விரித்தாள். எழுந்து வந்தான்.

பூமாரிக்குப் பையன் பிறந்தான். டாக்டர் ஞானசிகாமணி இரண்டு தடவை பார்த்துவிட்டு, இப்போதைக்கு நீரில் ரத்தம் இல்லை, ஆனாலும் வருஷா வருஷம் கொண்டுவாருங்கள் என்றார். மாயக்காள் அதை யாரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் கொண்டுபோனாள். அவன் பள்ளிக்கூடம் போகும் காலத்திலும் கொண்டுபோனாள்.

1980 தையில் காதுகுத்து. தாய்மாமன் மடி என்று பார்த்தால் தவசி மடி பையனுக்கு முறையில்லை; தவசி அம்மாவின் மாமன், பையனுக்குத் தாத்தா முறை. ஆசாரியே ஆட்சேபித்தார். மாயக்காள் பார்த்த பார்வையில் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார். தவசியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். கால் இரண்டும் வீங்கி, முகம் வெளுத்திருந்தது. மார்பில் சந்தனம் பூசியிருந்தார்கள். அவனோடு மொக்கம்மாளும் வந்திருந்தாள். மகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்து அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

ஊசி ஏறியது. பிள்ளை வீறிட்டது. தவசி பிள்ளையைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற அக்காளின் வாயைப் பார்த்தான்.

"அழுகுறானாக்கா?" என்று பந்தல் அதிரக் கேட்டான்.

"அழுகுறான்டா" என்றாள் மாயக்காள், அவனுக்குத் தெரியும்படி உதட்டை நன்றாக அசைத்து. "நல்லா அழுகுறான்."